போனஸ் துணி

எங்கள் கந்தோரில் வருச முடிவுப் போனஸை அவிப்பது வழக்கம். சவர்க்காரம் சீவிப் போட்டு, கிடாரத்தில், கொதிக்கக் கொதிக்க.

இதைச் சொல்லிப் பல இடங்களில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். பிறகு வந்த கந்தோர்களில், பிறகு வந்த ஊர்களில், டிசம்பர் பிறந்து ஆட்கள் போனஸைப் பற்றிக் குசுகுசுக்கத் தொடங்கும்போது, உமக்கு முதல் வேலையில் என்ன தந்தவை என்று ஆராவது கேட்பார்கள். துணி என்பேன். உடுப்போ என்பார்கள். இல்லை, வரைபடம் என்பேன். சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடிந்ததும் வாய்க்குள் ஒரு கசப்பு நிற்கும், மருந்துக் குளிசையை மென்றுவிட்டதுபோல. துப்பினாலும் போகாது.

கிளிநொச்சியில், பெரிய றோட்டில், ஓர் உரக்கடைக்கு மேல்மாடி. படியேறும்போது யூரியா மணம், ஏறி முடிந்தால் அமோனியா மணம். படங்களைப் பிரதி எடுக்கிற பெட்டிக்குள் அமோனியா ஊற்றி வைத்திருப்போம். கண் எரியும், மூக்கு ஓடும். வீட்டுக்குப் படம் கீறுவிக்க வந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி, வீட்டிலை ஏதும் துன்பமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வந்த வருசங்கள் அவை. ஒரு பக்கம் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்த சனம் காட்டு ஓரத்தில் தடி நட்டுக் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் நெல்லும் லொறியும் வைத்திருந்தவர்கள் கல்வீடு கேட்டார்கள், கடை கேட்டார்கள், மில் கேட்டார்கள். கிடுகு வீட்டுக்கு ஆரும் படம் கீறுவதில்லை. ஆகவே எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது பக்கம்.

முதலாளி பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர். நாங்கள் 'சேர்' என்போம். தலைமைக் கந்தோர் யாழ்ப்பாணத்தில், நாங்கள் கிளை. அங்கே இருந்தவர்களுக்கு வருசம் முடிய ஒரு மாதச் சம்பளம் போனஸ், வெள்ளை உறையில், அதோடு ஒரு கேக் துண்டு. எங்களுக்குச் சொல்லப்பட்டது: "கிளை நட்டத்திலையெல்லோ ஓடுது." கிளை எப்படி ஓடினாலும் சேரின் கார் நன்றாக ஓடியது.

கிளையில் மூன்று பேர். தலைமைப் படவரைஞர், ஐம்பதைத் தொட்ட தனிக்கட்டை. நாங்கள் 'அண்ணை' என்று கூப்பிடுவோம். கந்தோருக்குப் பின்னால் கிணற்றடியில் ஓர் அறையில் குடியிருந்தார், அங்கேயே சமைத்தார், அங்கேயே எல்லாரையும் நக்கலடித்தார். அடுத்தது நான். என் அப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் காணியில் வயல் செய்தவர். வயலுக்கு இறங்காமல் சைக்கிளேறிக் கந்தோருக்குப் போன மகன் என்று ஊரில் எனக்கொரு பெயர்.

மூன்றாவது, அக்கா. மலைநாட்டு நகரம் ஒன்றில் நில அளவையாளர் ஒருவரிடம் படத்துக்கு மை போடும் வேலை பார்த்தவ. எழுபத்தேழில் அந்தக் கந்தோரும் எரிந்து, குடியிருந்த தோட்டத்து லைன் அறையும் எரிந்து, புருசனோடும் ஒரு தகரப் பெட்டியோடும் இங்கே வந்திறங்கினவ. புருசன் கூலி வேலை. இருந்த துண்டு நிலத்துக்குப் பெர்மிட் இல்லை. அக்காவின் வேலை நாங்கள் பென்சிலால் கீறியதன் மேல் துணி விரித்து மையால் மூலப்படம் ஆக்குவது.

எனக்கும் அண்ணைக்கும் மாதச் சம்பளம். அக்காவுக்குத் தாள் கணக்கு. படம் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒருவனும் அத்திவாரம் வெட்டமாட்டான், ஆகவே படமும் வராது, ஆகவே அக்கா வீட்டு அடுப்புக்கு இரண்டு மாதம் வாய் மூடியிருக்க வேணும். குழந்தை பிறந்த மாதமும் அப்படித்தான். பிரசவ லீவு என்பது நிரந்தர ஆட்களுக்கு. கார்த்திகையில் ஆண்பிள்ளை பெற்று, உடம்பு தேறுமுன்னமே படியேறி வந்து கதிரையில் இருந்தா. படியில் இரண்டுதரம் நின்று மூச்சு வாங்கியதைக் கீழே உரக்கடைக்காரன் பார்த்து எங்களுக்குச் சொன்னான்.

அவவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நிரந்தரம். மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் மாதம் முடிய வரும் ஒரு சம்பளம். சேர் ஒவ்வொரு டிசம்பரும், "இந்த முறை பாப்பம் பிள்ளை," என்பார். பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இனித் துணியைப் பற்றிச் சொல்லவேணும்.

சேர் கடதாசியை நம்பமாட்டார். வன்னிக் கறையானுக்குக் கடதாசி புட்டு மாதிரி என்பார். அரசாங்க வேலையில் இருந்த காலத்தில் சேர்த்த சீமைத் துணி உருளைகள் அவரிடம் இருந்தன. ட்ரேசிங் துணி. நீலம் பாய்ந்த, கஞ்சி ஏற்றி மினுக்கிய, கீழே உள்ள கோடு மேலே தெரிகிற மெல்லிய லினன். பெரிய வேலைகளுக்கு மட்டும் அது. அதில் மையால் போட்டதுதான் மூலப்படம். அதிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம்.

அந்தத் துணியை வெந்நீரில் போட்டால் கஞ்சி கரையும். கஞ்சியோடு மை கழன்று போகும். மையோடு சுவர் போகும், கதவு போகும், குசினி போகும். மிஞ்சுவது வெள்ளை வெளேரென்று ஒரு துணி, எந்தக் கடையிலும் வாங்க முடியாத மெல்லிசு. முகம் துடைக்க லேஞ்சி தைக்கலாம். தலையணை உறை தைக்கலாம். பச்சைப் பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம்.

அதுதான் எங்கள் போனஸ். வருசம் முடியுமுன் ஒருநாள் சேர் வருவார். அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு உருளையாய் விரித்து, கட்டி முடிந்து காசும் வந்துவிட்ட கட்டடங்களின் படத்தில் சிவப்புப் பென்சிலால் மூலைக்கு மூலை, பெருக்கல் குறிபோல, ஒரு புள்ளடி போடுவார். புள்ளடி விழுந்தது எங்களுக்கு. புள்ளடி இல்லாததை நாங்கள் தொடமாட்டோம்.

அந்த வருசம் அக்காவின் பங்கில் ஓர் அரிசி மில் விழுந்தது. மல்லாவிப் பக்கம் கட்டிய பெரிய மில், மேசையை மூடுகிற பெரிய துணிப்படம். சேர் புள்ளடி போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அக்காவைப் பார்த்தார்.

"இது பெரிசு. பொடியனுக்கு ரெண்டு சட்டை வரும், என்ன?"

"வரும்ங்க ஐயா."

அவ எழும்பி நின்றா. கேட்கப்போகிறா என்று எனக்குத் தெரிந்தது. அண்ணையும் பேனாவை வைத்துவிட்டார்.

"ஐயா, நம்ம விசயம் ஒண்ணு... நிரந்தரம்னு சொல்லியிருந்தீங்க."

"ஓம் ஓம், ஞாபகம் இருக்கு. தைப்பொங்கல் கழியட்டும். யாழ்ப்பாணத்திலையிருந்து கடிதம் வரும். நான் சொல்லிப்போட்டன்."

அவர் போன பிறகு அக்கா மில் படத்தைச் சுருட்டி நாடாவால் கட்டினா. பிறகு, "அண்ணே, சொல்லிப்போட்டன்னா, சொல்லியாச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டா. அண்ணை, "ஓம் தங்கச்சி, எங்கடை பாசையிலை அப்பிடித்தான்," என்றார். நக்கல் இல்லாமல் அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

வருசத்தின் கடைசிப் பின்னேரம் கிணற்றடியில் கிடாரம் வைத்தோம். மழை விட்டிருந்தது. நிலம் ஊறி, கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அண்ணை விறகு தள்ளினார், நான் தடியால் கிண்டினேன், அக்கா உருளைகளை ஒவ்வொன்றாய் விரித்து உள்ளே இறக்கினா.

"அண்ணே, உங்க பங்குல பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ்தான் வந்திருக்கு."

"பரவாயில்லை தங்கச்சி. தலையணைக்கு உறை தைப்பன். என்ரை தலைக்கு அது காணும்."

"கலியாணம் பண்ணியிருந்தா ஒரு நல்ல வீட்டுப் படமா குடுத்திருப்பாரு."

"கலியாணம் செய்திருந்தால் நான் இவரிட்டை வேலையே செய்திருக்கமாட்டன். மனிசி விட்டிருக்கமாட்டாள்."

மில் படம் இறங்கியது. முதலில் அது தண்ணீருக்கு மேல் விறைத்துக்கொண்டு மிதந்தது, பாய்போல. பிறகு மெல்ல மெல்லத் தோள் தளர்ந்தது. நெல் கொட்டும் அறை நெளிந்தது. புகைக்கூண்டு வளைந்தது. சிவப்புப் புள்ளடி பிசுபிசுத்து, மெழுகாய்த் திரண்டு, நுரையோடு சுற்றிச் சுற்றி வந்தது. நான் தடியால் ஒதுக்கி அள்ளி எறிந்தேன். தண்ணீர் சாம்பல் நிறமானது. ஒரு மில்லை நாங்கள் மூன்று பேர் சிரித்துச் சிரித்துக் கரைத்தோம். கொடியில் போட்டபோது காற்று எழும்பியது, துணி முழுக்க வயிறாய் உப்பியது. அக்கா அதன் ஓரத்தைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தா.

பொங்கலுக்கு முன்னமே மில்காரர் வந்தார். மோட்டச்சைக்கிளை உரக்கடை வாசலில் போட்டுவிட்டு, படியெல்லாம் சேறு மிதித்து ஏறி வந்தார். மில்லுக்கு மேலே ஒரு மாடித்தட்டுப் போடவேணும், நெல்லை மேலே அடுக்கவேணும், வங்கி கடன் தருகிறதாம். ஆனால் பழைய கட்டடத்தின் படமும் சேர்த்துக் கொடுக்கவேணுமாம். அவருடைய பிரதி எங்கே என்று அண்ணை கேட்டார்.

"மில்லுக்கை சுவரிலை ஒட்டி வைச்சனான். எலி திண்டு முடிச்சுப்போட்டுது."

இரண்டு நாளில் சேர் வந்தார். பெரிய வேலை, பெரிய காசு. மனம் நிறைந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, "எடுங்கோ மில்லின்ரை மூலப்படத்தை," என்றார்.

அக்கா அண்ணையைப் பார்த்தா.

"சேர், அது போனஸிலை போயிட்டுது," என்றார் அண்ணை.

"எந்தப் போனஸிலை?"

"துணிப் போனஸிலை. தங்கச்சியின்ரை பங்கிலை வந்தது. அவிச்சாச்சு."

சேரின் முகம் நிறம் மாறியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவருக்கு ஞாபகம் வந்தது. அது தெளிவாய்த் தெரிந்தது. கண் ஒருகணம் அலுமாரிக்குப் போய் வந்தது. பிறகு அந்த ஞாபகத்தை அவர் உள்ளே எங்கேயோ கொண்டுபோய்ப் பூட்டினார். அதுவும் தெரிந்தது.

"ஆர் அவிக்கச் சொன்னது? அதுக்குப் புள்ளடி போட்டிருந்ததோ?"

"நீங்கள்தான் சேர் போட்டனீங்கள்," என்றேன் நான். "ரெண்டு சட்டை வரும் எண்டும் சொன்னனீங்கள்."

"நான் எத்தினையோ படத்துக்குப் புள்ளடி போட்டனான். இதுக்குப் போட்டன் எண்டால், எங்கை புள்ளடி? காட்டும் பாப்பம்."

"அவிக்கேக்கை சிவப்பு கழண்டு மிதந்தது சேர். நான்தான் அள்ளி எறிஞ்சனான்."

"அவிச்சதும் நீங்கள், சாட்சியும் நீங்களோ?"

அண்ணை சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாத சிரிப்பு. "புள்ளடி போட்ட படத்தைத்தான் சேர் நாங்கள் அவிப்பம். அவிச்ச படத்திலை புள்ளடி எப்பிடிச் சேர் இருக்கும்?"

"உம்மைக் கேக்கேல்லை."

போய் அளந்துகொண்டு வருகிறோம், ஒருநாள் வேலை என்றேன். சுவரை அளக்கலாம், அத்திவாரத்தை எப்படி அளப்பாய் என்றார். அது உண்மை. மேலே தட்டுப் போடுவதென்றால் கீழே எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எத்தனை கம்பி என்று தெரியவேணும், அதெல்லாம் மண்ணுக்குள். தோண்டிப் பார்க்கலாம் என்றார் அண்ணை. காலபோக நெல் வந்து குவிகிற நேரம், வாசலில் லொறி நிற்கிற நேரம், மில்காரர் மண்வெட்டி வைக்க விடுவாரா என்றார் சேர். அதுவும் உண்மை. உண்மைகளெல்லாம் அவர் பக்கம் போய் நின்றன. எங்கள் பக்கம் இருந்த ஒரே உண்மை கிணற்றடியில் ஊற்றிய தண்ணீரோடு போய்விட்டது.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தா.

"ஐயா, துணியில கோடு இன்னும் மங்கலாத் தெரியுதுங்க. வெயில்ல பிடிச்சுப் பார்த்தா தெரியும். முழுசும் போகல. வேணும்னா கொண்டாறேன்."

அவ அதைச் சொன்னது கடிதத்துக்காக. வேறு எதற்கு? உதவியாய் இருந்தால் ஐயா மனம் இளகும் என்று. அண்ணை அவவைப் பார்த்த பார்வையில், ஏன் தங்கச்சி சொன்னாய் என்று இருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. சேர் கதிரையில் சாய்ந்தார்.

"நாளைக்குக் கொண்டு வாரும். எல்லாத்தையும்."

அடுத்தநாள் அக்கா குழந்தையையும் கொண்டு வந்தா. இருமல், ஆரிடமும் விட்டுவர மனமில்லை என்றா. பழைய சீலைத் துண்டொன்றில் சுற்றியிருந்தது. பையிலிருந்து சட்டைகளை எடுத்து மேசையில் வைத்தா. இரண்டு சட்டை, ஒரு தலைத்துணி, மீதியெல்லாம் குண்டித்துணி. துவைத்து, மடித்து, அழுத்தி. வேலை சுத்தம். கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூலால் சின்னதாய் ஒரு பூ வரிசைகூடப் போட்டிருந்தா. சேர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தெரிந்தது. சாம்பல் நிறத்தில், எறும்பு போன தடம்போல, கோடுகள்.

"தையலைப் பிரியும்."

சவரம் எடுக்கிற பிளேட் ஒன்றால் அக்கா தையலைப் பிரித்தா. நான் குழந்தையை வைத்திருந்தேன். அது என் சட்டைப் பையில் இருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, இடைக்கிடை இருமியது. பிரித்த துண்டுகளை அண்ணை வரைபலகையில் விரித்து, தண்ணீர் தொட்டு இழுத்து, குண்டூசியால் குத்தினார். கைகள் இரண்டு பக்கம், நெஞ்சு நடுவில், முதுகு கீழே. மேசையில் ஒரு மில் எழும்பவில்லை. ஒரு குழந்தையைக் கிழித்துக் காயப்போட்டதுபோல் இருந்தது. நான் முகத்தைத் திருப்பி றோட்டைப் பார்த்தேன். நெல் ஏற்றிய உழவு மெசின் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் போடுற அறை எங்கையப்பா?" என்றார் சேர்.

"அது குண்டித்துணியிலை போயிட்டுது சேர்," என்றார் அண்ணை. "நல்லாய் அடிச்சுத் துவைச்சிருக்கு. போகவேண்டிய காரணம் இருந்தது."

புகைக்கூண்டு இருந்த இடம் கழுத்துக்காக வட்டமாய் வெட்டப்பட்டிருந்தது. அது போகட்டும், வெளியில் நிற்பதை அளக்கலாம். அத்திவாரம் முதுகில் இருந்தது. முதல் சட்டையின் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, குறுக்குவெட்டுத் தோற்றம், அளவுகளோடு. கண்ணாடி வைத்து ஒவ்வொரு எண்ணாய் நான் வாசித்தேன், அண்ணை எழுதினார். எட்டோ மூன்றோ என்று சந்தேகம் வந்தபோது சேர் தன் பழைய கணக்குத் தாள்களோடு ஒத்துப் பார்த்தார். பொங்கலுக்கு முதல்நாள் முடிந்தது. அக்கா புதுத் துணி விரித்து மை போட்டா. அந்தத் தாளுக்கு அவவுக்குக் காசு இல்லை. "பிழையைத் திருத்துற வேலைதானே, பிள்ளை," என்று சேர் முதலே சொல்லிவிட்டார்.

பொங்கல் கழிந்தது. சேர் புதுப் படத்தை எடுத்துப் போக வந்தார். பார்த்தார், தலையாட்டினார், சுருட்டினார். பிறகு பலகையில் குண்டூசியோடு கிடந்த சட்டைத் துண்டுகளை அண்ணையைக் கொண்டு கழற்றுவித்து, ஒரு கடதாசி உறையில் போடுவித்தார்.

அக்கா எழும்பி நின்றா. மாதக்கணக்காய் மனதில் எழுதி வைத்ததுபோல், நிதானமாய்க் கேட்டா.

"ஐயா, பொங்கல் கழிஞ்சிருச்சு. அந்தக் கடிதம்?"

"எந்தக் கடிதம்?"

"நிரந்தரம்னு."

சேர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அவரை இவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருக்கமாட்டேன். ஒரு தகப்பன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் இரக்கமாய்ச் சொன்னார்.

"பிள்ளை, நிரந்தரம் எண்டால் பொறுப்பு. மூலப்படத்தை அவிச்ச ஆளை நான் தலைமைக் கந்தோருக்கு என்னெண்டு சிபாரிசு செய்யிறது? அவை சிரிப்பினம். இப்ப கதை ஆறட்டும். முந்தி மாதிரித் தாள் கணக்குக்கு வாரும், போம். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

"சேர், அது அவ பிழையில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றேன். சேர் என்னைப் பார்த்து, "தம்பி, உம்மடை வேலையைப் பாரும்," என்றார். அவ்வளவுதான். நான் பேசியதால் ஒரு குண்டூசிகூட இடம் மாறவில்லை. பேசாமல் இருந்திருந்தால் குற்ற உணர்வாவது மிஞ்சியிருக்கும், அதைப் பிறகு நல்ல வசனமாய் எழுதியிருக்கலாம். பேசியும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை எந்த வசனத்தில் எழுதுவது?

அக்கா உறையைக் காட்டினா.

"அப்ப துணியையாச்சும் குடுங்க. படம்தான் ஆயிருச்சே."

"இனி இதுதான் பழைய மூலப்படம். ஃபைலிலை இருக்கவேணும். கந்தோர்ச் சொத்து."

"போனஸ்னு குடுத்தீங்க ஐயா."

"குடுத்தது பிழையாய்க் குடுபட்டுப்போச்சு எண்டுதானே இவ்வளவு பாடு."

அவ தன் மேசைக்குப் போனா. பேனா முனைகளைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, பெட்டிக்குள் அடுக்கி, மைப்போத்தலை இறுக மூடினா. எங்களைப் பார்த்து, "வர்றேன் அண்ணே, வர்றேன் தம்பி," என்றா. வழக்கம்போலத்தான் சொன்னா. படியில் செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

அடுத்தநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும். அண்ணை தானும் விலகப்போவதாக மூன்று கிழமை சொன்னார். பிறகு சொல்வதை விட்டார். விலகினால் அறையும் போகும், கிணறும் போகும், அவருக்கு வேறு எங்கே போக? மில்லுக்கு மேல் தட்டு எழும்பியது. நான் போய்ப் பார்த்தேன். நல்ல பலமான கட்டடம். இந்த மண்ணில் எழும்பிய எல்லாக் கட்டடங்களுக்கும் பிறகு வந்த சண்டையில் என்ன நடந்ததோ அதுவே அதற்கும் நடந்தது என்று கேள்வி.

அந்தத் தை மாதக் கடைசியில் எங்கள் வயலில் அரிவு வெட்டு. ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் நின்றேன். பனி விலகாத காலை, வரம்பெல்லாம் ஈரம். கூலிக்கு ஆட்களைப் பிடித்து வருகிறவன் காட்டோரக் குடியிருப்பிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்தான். ஆண்கள் நாலைந்து பேர், மற்றதெல்லாம் பெண்கள். தலையில் துவாய், கையில் கதிரறுக்கும் தாக்கத்தி. வரம்பில் வரிசையாய் வந்தார்கள். கடைசிக்கு முதல் ஆளாய் அக்கா வந்தா.

என்னைக் கண்டதும் நின்றா. வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டது நான்தான்.

"இது உங்க வயலா தம்பி? நல்லா வெளைஞ்சிருக்கு."

"அப்பாவின்ரை, அக்கா. பொடியன் எப்பிடி? இருமல் மாறீட்டுதோ?"

"மாறிருச்சு. குப்புற விழுறான் இப்ப."

ஆள் பிடித்து வந்தவன் பின்னாலிருந்து, "ஏய், தம்பின்னு சொல்லாத, சின்னையான்னு சொல்லு," என்று அடிக்குரலில் அதட்டினான். வேண்டாம், தம்பி என்றே சொல்லுங்கோ என்றேன். அப்பா என்னை ஒருமாதிரித் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, மேட்டுத் துண்டில் தொடங்கச் சொன்னார். எல்லாரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. வரம்பில் நின்றபடி அப்பாவைப் பார்த்து, கந்தோரில் கேட்ட அதே நிதானத்தோடு கேட்டா.

"ஐயா, ஒண்ணு கேட்டுக்கிறேன். வெட்டி, சூடடிச்சு முடிஞ்சதும் கூலிக்கு மேல ஏதாச்சும் குடுப்பீங்களா? நெல்லோ, வேற எதுவோ? குடுக்கிறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இல்லைன்னாலும் இப்பவே சொல்லிடுங்க."

கூட்டம் தலை நிமிர்ந்தது. ஆள் பிடித்து வந்தவன் கையைப் பிசைந்தான். என் அப்பாவிடம் வயலிறங்க முன் அப்படி ஆரும் கேட்டதில்லை. சூடடித்து முடிந்த அன்று மனம் இருந்தால் ஆளுக்கொரு கடகம் நெல் கொடுப்பார், மனம் இல்லாவிட்டால் இல்லை. அந்த மனத்துக்காக ஆட்கள் கடைசி நாள்வரை குனிந்த தலை நிமிராமல் வெட்டுவார்கள். எனக்கு அந்த நிமிசம்தான் அது விளங்கியது. இத்தனை வருசம் அந்த வீட்டில் சோறு தின்றும் விளங்கவில்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கோ என்று வாய்வரை வந்தது. அப்பா காறித் துப்பிவிட்டு, வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"இல்லை," என்றார். "நாட்கூலி மட்டும்தான். வேறை ஒண்டுமில்லை."

அக்கா தலையாட்டினா. அவவின் முகம் ஏதோ சுமையொன்றை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"சரிங்க. சொல்லிட்டீங்க. அது போதும்."

சீலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினா. துவாயை இறுக்கிக் கட்டினா. இறங்கி, ஒரு பிடி தாளை இடக்கையால் வளைத்துப் பிடித்து, வெட்டத் தொடங்கினா.